கரையிலிருந்து சற்றுத் தள்ளி

லடாக்கின் ஏரிகளை நாடிச் செல்லும் பயணிகள் அமைதியான ஓர் இரவைத் தேடுகிறார்கள். ஆனால் கூடாரமடிக்கத் தோதான அந்தப் பச்சைத் திட்டுக்கு ஏற்கனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

லேயிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த கார் கடைசித் திருப்பத்தைக் கடக்கும்போது உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது. இடது பக்கம் முழுக்க நீலம். மரமோ புதரோ இல்லாத பழுப்பு மலைகளுக்கு நடுவே 25 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது சோ மோரிரி. கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஏரியின் மேற்குக் கரையில் இருப்பது ஒரே ஒரு கிராமம்: கோர்சோக். ஒரு புத்த மடாலயம், அதைச் சுற்றி ஒட்டிக்கொண்ட வீடுகள், மேலே படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள். கிராமத்துக்குக் கீழே ஓர் ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. சமதரை, புல், பக்கத்திலேயே நல்ல தண்ணீர், எதிரே ஏரி. காரில் வந்தவர்கள் எல்லோர் கண்ணும் போய் நிற்பது அங்கேதான். கூடாரம் அடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் உண்டா?

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பச்சைத் திட்டு தங்களுக்கும் வேண்டும் என்று இன்னும் மூன்று தரப்பினர் நிற்கிறார்கள். முதலாவது, பஷ்மினா ஆடுகளையும் யாக் எருமைகளையும் மேய்த்து வாழும் சாங்பா மேய்ப்பர்கள். இரண்டாவது, சேற்று நிலத்தில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கு. மூன்றாவது தரப்பை யாரும் அழைக்கவில்லை. மனிதர்கள் போட்ட மிச்சத்தைத் தின்று பெருகிவிட்ட நாய்கள். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் குளிர்ப் பாலைவனம் லடாக். இங்கே புல் முளைப்பது ஓடைகள் ஏரியைத் தொடும் ஒரு சில இடங்களில்தான். மற்றதெல்லாம் சரளைக்கல்லும் மணலும். ஆக, பார்வைக்கு மிக அழகாகத் தெரியும் இடம்தான் கூடாரம் அடிக்கவே கூடாத இடம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. லடாக்கின் கதவு வெளியாருக்குத் திறந்தது 1974இல். அப்போதும் எல்லையை ஒட்டிய ஏரிகள் மூடியே கிடந்தன. பாங்காங், சோ மோரிரி, நூப்ரா பள்ளத்தாக்கு ஆகியவை பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது 1994இல்தான். மணாலியிலிருந்து லேவுக்குச் செல்லும் 400 கிலோமீட்டருக்கும் அதிகமான மலைப்பாதையில் பொதுமக்கள் வண்டி ஓட்டத் தொடங்கியதே 1989இல். ஜீப்பும் துணிவும் உள்ளவர்கள் மட்டும் போய்வந்த பாதை அது. 2020 அக்டோபரில் ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, மணாலியில் காலை காபி குடித்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லாஹௌல் பள்ளத்தாக்கில் இருக்கின்றன.

இடையில் சினிமா தன் வேலையைச் செய்தது. 2009இல் வெளிவந்த ‘3 இடியட்ஸ்’ இந்திப் படத்தின் கடைசிக் காட்சி படமானது பாங்காங் கரையில். அதன்பின் அந்த ஏரிக்குப் போகாதவர் லடாக் போனதாகவே கணக்கில் வராது என்றானது. படத்தில் வந்தது போன்ற மஞ்சள் ஸ்கூட்டரும் விசித்திர வடிவ நாற்காலிகளும் கரையில் வரிசையாக நிற்கின்றன. காசு கொடுத்தால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்பாங்மிக் கிராமத்தை ஒட்டிய கரை நெடுக வெள்ளைக் கூடாரங்களும் குடில்களும் அணிவகுத்தன. 2022 ஏப்ரலில் பரவிய ஒரு வீடியோவில், சிலர் சொகுசு காரை ஏரித் தண்ணீருக்குள்ளேயே ஓட்டிக் கொண்டாடினார்கள்; அருகில் மடக்கு மேசையில் பாட்டில்களும் நொறுக்குத் தீனிப் பொட்டலங்களும். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. காரின் சக்கரத் தடம் அழிந்திருக்கும். கூட்டம் குறையவில்லை.

பாங்காங் அழகற்றுப் போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். 134 கிலோமீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்குதான் இந்தியாவின் பக்கம், மீதி திபெத்தில். 2020 மே மாதம் இரு நாட்டு ராணுவமும் அதன் வடகரையில் நேருக்கு நேர் நின்றதும், 2021 பிப்ரவரியில் அங்கிருந்து பின்வாங்கியதும் உலகச் செய்தி. மணிக்கொரு நிறம் காட்டும் அந்த நீரைப் பார்க்க ஒரு பகல் போதும். இரவின் அமைதி வேண்டுபவர்கள் மான், மேராக் என்று ஸ்பாங்மிக்கைத் தாண்டித் தெற்கே நகர்கிறார்கள். அதற்கும் மேல் அமைதி கேட்பவர்கள் சோ மோரிரிக்கும் சோ காருக்கும் வருகிறார்கள். ஓர் ஏரியின் சத்தத்திலிருந்து தப்பி வருபவர்கள் அந்தச் சத்தத்தையே அடுத்த ஏரிக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்துப் பயணத்தின் முழுப் பொறுப்பும் இதில் அடங்கிவிடும்.

முதல் தேர்வு ஏரி பற்றியதே அல்ல, உடம்பு பற்றியது. 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராண வாயு, கடற்கரை ஊரில் கிடைப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயர நோய், கவனிக்காமல் விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைக் குடித்துவிடும். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்ற சலுகையெல்லாம் அதற்குக் கிடையாது. பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். மலை மருத்துவம் சொல்லும் பொதுவிதி இது.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் வரைபடமே வேறு மாதிரி தெரியும். மணாலியிலிருந்து வருபவர்கள் முதல் இரவே 4,200 மீட்டருக்கு மேலே உள்ள சர்ச்சு கூடாரங்களில் தங்குவது பழைய வழக்கம். ஆற்றங்கரைச் சமவெளி, அற்புதமான இடம். ஆனால் விடிய விடிய தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் கதைகளும் அங்கிருந்துதான் அதிகம் வருகின்றன. அதற்கு முன்பே சுமார் 3,200 மீட்டரில் பாகா ஆற்றங்கரையில் உள்ள ஜிஸ்பாவில் ஓரிரண்டு இரவுகள் தங்கிவிடுவது புத்திசாலித்தனம். ஸ்ரீநகர் வழியாக வருபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1,600 மீட்டரில் உள்ள ஸ்ரீநகர், 2,700 மீட்டரை ஒட்டிய கார்கில், 3,500 மீட்டரில் லே என்று பாதை படிப்படியாக உயர்கிறது. விமானத்தில் லேயில் இறங்குபவர்கள்தான் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். 48 மணி நேரமாவது ஊரைச் சுற்றாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது லேயில் எல்லோரும் சொல்லும் முதல் பாடம்.

லேயிலிருந்து சோ மோரிரிக்கு ஒரே நாளில் போய்விடலாம். போகவும் செய்கிறார்கள். ஆனால் அது தூங்கும் உயரத்தை ஒரேயடியாக 1,000 மீட்டர் உயர்த்துவதாகும். வழியிலேயே நல்லதொரு படிக்கட்டு இருக்கிறது. உப்ஷியில் மணாலி சாலையை விட்டுப் பிரிந்து சிந்து நதியை ஒட்டியே மேலே போனால், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் சுமதாங் வருகிறது. ஆற்றங்கரையில் நிலத்திலிருந்து வெந்நீர் கொப்பளிக்கும் சின்ன ஊர். அங்கே ஓர் இரவு. மறுநாள் மாஹே பாலத்தில் சிந்துவைக் கடந்து, சும்தோ வழியாக நம்ஷாங் லா கணவாய் ஏறி இறங்கினால், கியாகர் சோ என்ற சின்ன ஏரி. அதைத் தாண்டி கோர்சோக். 3,500, 4,000, 4,500: கணக்கு விதியோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

நம்ஷாங் லாவைப் பற்றி இன்னொன்று. உயர நோய்க்குச் சிறந்த மருந்து கீழே இறங்குவது. ஆனால் கோர்சோக்கிலிருந்து லேவுக்கு இறங்க வேண்டியவர் முதலில் ஏரியைவிட உயரமான அந்தக் கணவாயில் ஏறியாக வேண்டும். பாங்காங்கிலும் இதே கதைதான். லேவுக்குத் திரும்பும் வழக்கமான பாதை 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லாவில் ஏறித்தான் இறங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது, ஏரியில் நிலா எப்படி விழுந்தது என்பது நினைவுக்கு வராது. ஆகவே முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, இரவில் வண்டியும் ஓட்டுநரும் தயாராக இருப்பார்களா என்பது. இரண்டாவது, செல்போன் எங்கே எடுக்கும் என்பது. ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரலாம். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில நாட்களுக்கு வேண்டாம். உயர நோய்க்கான தடுப்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்வதும் வேண்டாம். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது தேர்வு தண்ணீர் பற்றியது. பாங்காங், சோ மோரிரி, சோ கார் மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. மலையிலிருந்து பனி உருகி ஓடைகள் வந்து சேர்கின்றன. ஆனால் எந்த ஏரியிலிருந்தும் ஓர் ஆறுகூட வெளியேறுவதில்லை. உள்ளே வந்த நீர் வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் போவதுதான் ஒரே வழி. நீர் போய்விடும், அதோடு வந்தது தங்கிவிடும். ஏரிகள் உப்புக் கரித்துப் போனதற்கும் அதுதான் காரணம். நாளைக்கு அங்கே ஊற்றப்படும் சோப்பு நீருக்கும் கழிவுக்கும் அதே கதிதான். நதியில் கொட்டினால் அடுத்த ஊர்க்காரன் தலையில் விடியும். இங்கே அடுத்த ஊரே இல்லை.

இதனால்தான் லடாக்கில் முகாமின் கழிப்பறை, அதன் கட்டிலைவிட முக்கியமாகிறது. லடாக்கியர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பது தண்ணீர் இல்லாத கழிப்பறை. மாடியில் ஒரு துளை, கீழே ஓர் அறை, மேலே மண்ணும் சாம்பலும் தள்ளிவிட ஒரு மண்வெட்டி. சில மாதங்களில் அது வயலுக்கு உரமாகிவிடுகிறது. நகரத்திலிருந்து வருபவர்களுக்கு அது பிடிப்பதில்லை. அவர்களுக்காக வெந்நீரும் பீங்கான் கோப்பையும் கூடாரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் குழி ஏரியிலிருந்து எத்தனை அடி தூரம் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு வாளி வெந்நீரோடு திருப்தியடைகிற பயணியும், உலர் கழிப்பறை வைத்திருக்கிற முகாமும் சந்தித்தால் ஏரிக்கு அது நல்ல நாள்.

மூன்றாவது தேர்வுதான் அந்தப் பச்சைத் திட்டு. கருங்கழுத்துக் கொக்கு ஏறக்குறைய ஒரு பள்ளிச் சிறுவனின் உயரம் இருக்கும். சாம்பல் வெள்ளை உடல், கரிய கழுத்து, உச்சந்தலையில் சிவப்புப் பொட்டு. பனி விலகும்போது வந்து, குளிர் இறுகும்போது போகிறது. இந்தியாவில் அது முட்டையிடுவது கிழக்கு லடாக்கின் ஈர நிலங்களில்தான். போடுவது பெரும்பாலும் இரண்டே முட்டைகள். முன்பு ஜம்மு காஷ்மீரின் மாநிலப் பறவையாக இருந்த அதையே, 2019இல் தனி யூனியன் பிரதேசமான லடாக் 2021இல் தன் பறவையாக அறிவித்துக்கொண்டது. பட்டத்தால் பாதுகாப்பு வந்துவிடவில்லை. கூட்டுக்கு அருகே ஆட்கள் நடமாடினால் பறவை எழுந்துவிடுகிறது. எழுந்த சில நிமிடங்களில் நாய் வந்துவிடுகிறது.

இந்த நாய்கள் யாருடையவை? யாருடையவையும் அல்ல. ராணுவ முகாம்கள், சாலைப் பணியாளர் குடியிருப்புகள், சுற்றுலாக் கூடாரங்கள், கிராமங்கள் எல்லாவற்றின் குப்பை மேட்டிலும் வளர்ந்தவை. சீசன் முடிந்து கூடாரங்கள் சுருட்டப்பட்டதும் அவற்றுக்குச் சோறு நின்றுவிடுகிறது, பசி நிற்பதில்லை. கொக்கின் முட்டை, குஞ்சு, மர்மோட், மேய்ப்பனின் ஆட்டுக்குட்டி எல்லாம் அவற்றுக்கு உணவு. ஆகஸ்டு மாத இரவில் கூடாரத்துக்கு வெளியே வாலாட்டும் நாய்க்கு இரக்கப்பட்டு வீசும் சப்பாத்தி, அடுத்த ஜூனில் ஒரு கொக்கின் கூட்டை அழிக்கலாம். தின்ற மிச்சத்தையும் பிளாஸ்டிக் உறைகளையும் காரிலேயே லேவுக்குத் திருப்பி எடுத்துச் செல்வது, வெறும் சுத்தம் சார்ந்த விஷயம் அல்ல.

கோர்சோக் மக்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. 2000ஆம் ஆண்டில், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். மூலம் இந்த ஏரியை ‘உயிருள்ள பூமிக்கு ஒரு புனிதக் காணிக்கை’ என்று அறிவித்தவர்கள் அவர்கள். 2002 ஆகஸ்டில் சோ மோரிரி, ஈர நிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரையை ஒட்டி வண்டி ஓட்டுவதற்கும் கூடாரம் அடிப்பதற்கும் தடை இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை இழந்தால் அவர்கள் இழப்பது காட்சி அல்ல, வருமானம். உலகச் சந்தையில் தங்கம் போல விலைபோகும் பஷ்மினா கம்பளி, இந்தப் புல்லைத் தின்னும் ஆட்டின் கழுத்துக்கும் வயிற்றுக்கும் அடியில் குளிருக்கு முளைக்கும் மெல்லிய ரோமம். ஏற்கனவே சாங்பா குடும்பங்கள் பல, மேய்ச்சலை விட்டு லேயின் விளிம்பில் குடியேறிவிட்டன. கூலி வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் அங்கே இழுக்கின்றன. மீதியிருப்பவர்களுக்குச் சுற்றுலா ஒரு கை கொடுக்கலாம். அல்லது புல்லைப் பறித்துக்கொண்டு மறுகையால் தள்ளிவிடலாம்.

அப்படியானால் எங்கே தங்குவது? விடை கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது. கோர்சோக்கில் பல வீடுகள் பயணிகளுக்கு அறை கொடுக்கின்றன. தடித்த மண் சுவர், நடுவில் சாண வறட்டி எரியும் அடுப்பு, உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர், தரையில் கம்பளம். மதியத்துக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கும் காற்று, கரையில் நிற்கும் கூடாரத்தை உலுக்கி எடுக்கும்போது இந்தச் சுவர்கள் அசைவதில்லை. ஜூலையிலும் இரவு வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போகிற ஊரில் இது சின்ன விஷயமல்ல. கூடாரம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் புல்லை விட்டு விலகிய சரளை மேடுகளில் முகாம்கள் உண்டு. ஏரி அங்கிருந்து தெரியாதா? பல கிலோமீட்டர் அகலம் உள்ள நீர்ப்பரப்பு கரையில் நின்றால் ஒரு நீலக் கோடு. அரை கிலோமீட்டர் பின்னால், கொஞ்சம் மேலே ஏறினால்தான் அது ஏரி.

விடியற்காலையில் அங்கிருந்து கீழே பார்ப்பவர்களுக்கு அமைதி என்றால் என்ன என்பது விளங்கும். காற்று இன்னும் எழவில்லை. எதிர்க்கரை மலைகள் தலைகீழாக நீரில். மடாலயத்திலிருந்து ஒரு கொம்பு ஊதும் ஓசை. பட்டியிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடை வழியாக இறங்குகின்றன. சேற்றோரத்தில் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்துகள் குஞ்சுகளை நீருக்குள் கூட்டிப் போகின்றன. பைனாகுலர் இருந்தால் போதும். பக்கத்தில் போகத் தேவையில்லை.

திரும்பும் வழியில் சும்தோவிலிருந்து இடது பக்கம் பிரியும் பாதை, கந்தக நெடி வீசும் புகா பள்ளத்தாக்கைக் கடந்து போலோ கோங்கா லா ஏறி சோ காருக்கு இறங்குகிறது. பெயருக்கு வெள்ளை ஏரி என்று அர்த்தம். கரை முழுக்க உப்புப் படிந்து, தூரத்திலிருந்து பனி போலத் தெரிகிறது. ஒரு காலத்தில் சாங்பாக்கள் இந்த உப்பைச் சேகரித்து, சிறு பைகளில் கட்டி ஆடுகளின் முதுகிலேயே ஏற்றிப்போய் பார்லிக்கு மாற்றிக்கொண்டார்கள். சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் மேலே மேலே தெரியும் கோடுகள், ஏரி முன்பு எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதற்குச் சாட்சி. பக்கத்திலேயே ஸ்டார்ட்சாபுக் சோ என்ற நன்னீர் ஏரி. இரண்டும் சேர்ந்து 2020இல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தன. சமவெளியில் கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக ஓடும். ஏன் ஓடுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் பின்னால் ஒரு ஜீப் இருக்கும்.

மூன்றில் கூட்டம் குறைந்த ஏரி சோ கார்தான். துக்ஜே கிராமத்தருகே சில முகாம்கள். இருட்டியதும் வானம் முழுக்க நட்சத்திரம். இங்கே தவறு செய்பவர்களுக்கு உடனடித் தண்டனையும் உண்டு. கெட்டியான உப்புத் தரை என்று நம்பிக் கரையை நோக்கி ஓட்டப்பட்ட கார், மேலோடு உடைந்து அச்சுவரை சேற்றில் இறங்கிவிடும். இழுத்துவிட வேறு வண்டி வரும்வரை அமைதியை அனுபவிக்க வேண்டியதுதான். போட்டிருக்கும் தடத்தை விட்டு இறங்காத காருக்கு அந்த ஆபத்து கிடையாது. அங்கிருந்து டெப்ரிங் வந்து மணாலி நெடுஞ்சாலையைப் பிடித்தால், 5,300 மீட்டரைத் தாண்டும் தக்லாங் லா வழியாக அன்று மாலையே லே.

கூடாரங்களைக் கரையிலிருந்து தள்ளிவைத்தால் பயணிகள் வரமாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஹிமாசலப் பிரதேசம் பதில் வைத்திருக்கிறது. ஸ்பிட்டி பாதையில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள சந்திரதால் ஏரியும் 2005 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. ஒருகாலத்தில் அதன் கரையிலேயே கூடாரங்கள் முளைத்தன. கரையில் தங்குவது தடைசெய்யப்பட்டு, முகாம்கள் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போயின. வண்டியும் ஏரிவரை போவதில்லை. கடைசித் தூரத்தை நடந்துதான் கடக்க வேண்டும். கூட்டம் நின்றுவிட்டதா? கோடையில் அந்த முகாம்களில் இடம் கிடைப்பதே கஷ்டம். நடந்து வருபவன் குறைவாகத்தான் சுமந்து வருவான், சத்தம் போட மூச்சும் இருக்காது. மலை வைத்திருக்கும் எளிய ஏற்பாடு அது.

சோ மோரிரியின் வரித்தலை வாத்துக்கும் தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மத்திய ஆசியாவிலும் இமயத்துக்கு அப்பாலும் கோடையைக் கழிக்கும் இந்த இனம், மலைத் தொடரையே தாண்டிப் பறந்து குளிர்காலத்தில் தெற்கே வருகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரை வந்து இறங்குகிறது. அங்கே ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வீட்டு மரத்தில் கூடு கட்டினாலும் விரட்டுவதில்லை. அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் பறவைக்காக விட்டுக்கொடுப்பது ஆண்டுக்கு ஒரு நாளின் பட்டாசு.

கோர்சோக்கில் பயணியிடம் கேட்கப்படுவது அதைவிடக் குறைவு. பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு, கரையிலிருந்து ஒரு ஐந்நூறு அடி தள்ளிப் படுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். விடியும்போது ஏரி அங்கேயே இருக்கும்.